கடலில் ஒரு முழம் களவு

"கையெழுத்து வைக்க மாட்டன்! கையை வெட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ, அப்பவும் வைக்க மாட்டன்!"

வாசலில் கால் வைக்கும் முன்பே இந்தக் குரல் வந்து காதில் மோத, கன்னையா தூக்கிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அண்ணே, ஆளு நல்ல சூட்டுல இருக்காரு. ஸ்டேஷன்ல காப்பி குடிச்சிட்டே வந்திருக்கலாம்."

"காப்பி உள்ளேயே கிடைக்கும். வாடா," என்றார் பக்கிரிசாமி.

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பக்கிரிசாமியைத் தெரியாதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் ரயில்வேயில் சரக்கு இன்ஸ்பெக்டர். மேலதிகாரி ஒருவனை நாலு பேர் முன்னால் "நீதான்டா திருடன்" என்று சொல்லி, அதை நிரூபித்தும் காட்டி, அதற்குப் பரிசாக வேலையை இழந்தவர். அன்றிலிருந்து துப்பறிவதுதான் பிழைப்பு. கன்னையா அவருக்குக் கையாள். நாடகக் கம்பெனியோடு பபூன் வேஷம் போட வந்தவனைக் கோலாலம்பூரில் விட்டுவிட்டு, கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாகக் கப்பலேறிப் போய்விட்டது. உடம்பில் பாதி தொப்பை, மீதி வாய். கிள்ளானுக்குக் கீழே இந்தத் துறைமுகத்துக்கு ரயிலில் வந்து சேரும்வரை அந்த வாய் மூடவே இல்லை.

கத்தியவர் கனகசபை. ஆற்றுமுகத்தில் படகுத்துறை நடத்தும் ஒரு கம்பெனியில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி உடம்பு, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. அவருக்குப் பின்னால் கதவில் சாய்ந்து நின்ற மனைவி குணபூசணிதான் பக்கிரிசாமிக்கு ஆள் அனுப்பியவள்.

"தம்பி, இருங்கோ. நான் சொல்லுறன். இவர் சொன்னால் சத்தம்தான் வரும், விஷயம் வராது," என்றாள்.

விஷயம் இதுதான். ஆற்று வாயில் ஒரு மணல்திட்டு இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைத் துறையில் நட்ட ஒரு கோலைப் பார்த்துக் கனகசபை சொல்வார். அவர் பலகையில் எழுதிப் போட்டால்தான் கப்பல் உள்ளே வரும். போன வாரம் அவர் எழுதியதை நம்பி, வழக்கத்தைவிட அதிகப் பாரத்தோடு வந்த ஒரு சரக்குக் கப்பல் திட்டில் மோதி வயிறு கிழிந்து, சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. கம்பெனி ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறது. "என் கவனக்குறைவாலும், கோலைச் சுற்றி நான் மாட்டிய குழாயாலும் வந்த தவறு" என்று பகல் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், வேலை மட்டும்தான் போகும். கொடுக்காவிட்டால் போலீஸ்.

"கள்ளனெண்டு பேரெடுத்துக்கொண்டு ஊருக்குப் போகேலாது. பிழை செய்தால் நானே சொல்லுவன். செய்யாத பிழைக்கு என்ர பேரை எழுதித் தர மாட்டன்!" கனகசபை மேசையில் ஓங்கிக் குத்தினார். காப்பிக் கோப்பை துள்ளியது.

"குத்துறது குத்துங்க, காப்பியைப் பாத்துக் குத்துங்க, ஐயா," என்று கன்னையா கோப்பையை எடுத்துக்கொண்டான்.

பக்கிரிசாமி எழுந்தார். "கோலைப் பாக்கலாமா?"

*

துறையில் வெயில் கொளுத்தியது. தூரத்தில் கப்பல் சாய்ந்து கிடந்தது. அதற்கும் அப்பால் இன்னொரு கப்பல் நங்கூரம் போட்டு, மத்தியானம் கடல் ஏறும்போது உள்ளே வரக் காத்துக்கொண்டு நின்றது.

வழியில் கம்பெனியின் நில அளவை ஆட்கள் முக்காலியில் ஒரு லெவல் கருவியை வைத்திருந்தார்கள். பித்தளைத் தூர்பீன். சும்மா போவானா கன்னையா? குனிந்து ஒரு கண்ணை வைத்தான். வைத்தவன் "ஐயோ!" என்று துள்ளினான்.

"அண்ணே! ஒரு அம்மா தலையால நடந்து போறாங்க! கரிக்கூடை கீழ, காலு வானத்துல!"

அளவை ஆள் சிரித்தான். "அந்தக் கண்ணாடி அப்படித்தான் லா காட்டும். எல்லாம் தலைகீழா. எங்களுக்குப் பழகிப் போச்சு."

"என் நாடகக் கம்பெனி முதலாளியை ஒரு தடவை இதுல பாக்கணும். நேராத் தெரிவாரு," என்று சொல்லிவிட்டுக் கன்னையா ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

நீர்மட்டக் கோல் துறையின் முனையில் நின்றது. அதைச் சுற்றி ஒரு பெரிய இரும்புக் குழாய். படித்துப் பார்க்கக் குழாயின் பக்கத்தில் கண்ணாடி வைத்த ஒரு பிளவு.

"இதுதான் நான் மாட்டின குழாய்," என்றார் கனகசபை. இவ்வளவு நேரம் கோபத்தில் நடுங்கிய குரலில் இப்போது பெருமை ஏறியது. "வெறுங்கோலில அலை வந்து மோதும். மேலை ஒண்டு கீழை ஒண்டு, எதை எண்டு எழுதுறது? குழாயின்ர அடியில சின்னத் துவாரம் போட்டனான். தண்ணி உள்ளுக்கு வரும், அலை வராது."

கன்னையா எட்டிப் பார்த்தான். வெளியே கடல் குதித்துக்கொண்டிருந்தது. உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றிய பால்போல அசையாமல் நின்றது. "கொட்டகைக்கு வெளியே எவ்வளவு கூட்டம் கத்தினாலும் உள்ளே டிக்கெட் வாங்கினவன் அமைதியா உக்காந்திருப்பான். அது மாதிரி!"

"கப்பல் மோதினப்புறம் கம்பெனி திட்டுல ஆழம் பாத்தாங்களா?" என்று பக்கிரிசாமி கேட்டார்.

"ஓம். ஈயக்குண்டுக் கயிறு விட்டுப் பாத்தவை. நானும் படகில போனனான். கோல் சொல்லுறதை விட ஒரு முழம் தண்ணி குறைவு."

"எப்பப் பாத்தாலும் ஒரு முழமா?"

"தண்ணி ஏறினாலும் ஒரு முழம். வடிஞ்சாலும் ஒரு முழம். காத்தடிச்சாலும் அதே முழம்."

பக்கிரிசாமி இடுப்பில் கைவைத்துக் கடலைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப நீங்க குத்தவாளி இல்ல. குழாயும் இல்ல."

"எப்படிச் சொல்லுறியள்?"

"மனுஷன் தப்பு செஞ்சா தினுசு தினுசாத்தானே செய்வான்? தூங்கி வழியிறவன் இன்னைக்கு ஒரு சாண் கூட்டிப் பாப்பான், நாளைக்கு ரெண்டு விரக்கடை குறைச்சுப் பாப்பான். எல்லா நேரமும் ஒரே முழம் தப்பு வருதுன்னா, நீங்க படிச்சது அத்தனையும் சரி. கோலையே ஒரு முழம் தாழ நட்டுட்டாங்க! இதை நட்டது யாரு?"

கனகசபை கோலைத் திரும்பிப் பார்த்தார். "பழைய கோலைப் புழு தின்டுட்டுது. மழைக்கு முந்தி எஞ்சினியர் கிளேட்டன் துரைதான் புதுசு நட்டவர்."

"எவ்வளவு ஆழத்துல நடணும்னு எதை வச்சுப் பாத்தாரு? கடலை வச்சுப் பாக்க முடியாதே, அதுவே ஏறி இறங்குதே."

"கல்லை வச்சு. முந்தி அளந்தவை கரையில ஒரு கல்லு நட்டு, அதில ஒரு கோடு வெட்டி, கோட்டைத் தொடுற மாதிரி ஒரு அம்பும் வெட்டி விட்டவை. கடல் ஆடும், கல்லு ஆடாது. அந்தக் கோட்டில இருந்து இவ்வளவு கீழ எண்டால் அதுதான் கோலின்ர சைபர். பழைய கிடங்குச் சுவரில இன்னொரு குறியும் இருக்குது. 'ஒண்டை மட்டும் நம்பாதேங்கோ துரை, ரெண்டையும் பாருங்கோ' எண்டு சொன்னனான். 'கிராணி எனக்குப் பாடம் எடுக்கிறியா' எண்டு கேட்டுச் சிரிச்சவர்."

"அந்தக் கல்லு எங்கே?"

கனகசபை தொண்டையைச் செருமினார். "கரிக் கொட்டகைக்குப் பின்னால. இப்ப அது... கோயில்."

"என்னது?"

"கூலியாட்கள் அதைச் சாமியாக்கிப் போட்டினம்."

பின்னாலேயே வந்திருந்த குணபூசணி விடவில்லை. "இவர் அந்தப் பக்கமே போறதில்லை. கோழி அறுக்கிற கோயிலாம். சைவக்காரர் மிதிக்கக் கூடாதாம்."

*

நாலு கம்பு, மேலே தகரம், சுற்றிலும் ஒரு கயிறு. நடுவில் எலுமிச்சம்பழ மாலை போட்டு, சிவப்புத் துணி உடுத்தி நின்றது கல். பக்கத்தில் கரிக்கூடையை வைத்துவிட்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தூர்பீனில் தலையால் நடந்தவள் இவள்தான் என்று கன்னையாவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"செருப்பு!" என்று அதட்டினாள் அவள்.

கன்னையா செருப்பை உதறிய வேகத்தில் ஒன்று கடல் பக்கம் பறந்தது. "அக்கா பேரு?"

"பவுனம்மாள். முனியாண்டிக்கு விளக்கு வைக்கிறது நான்தான். என்ன வேணும்?"

"சாமி இங்க எப்ப வந்தாரு, அக்கா?" என்று பக்கிரிசாமி பணிவாகக் கேட்டார்.

"அவரு எப்பவும் இங்கதான் இருந்தாரு. எங்களுக்குத்தான் தெரியல. மழைக்கு ரொம்ப முன்னாடி லோரிக்காரன் பின்னால வந்து கல்லை இடிச்சுத் தள்ளிட்டான். தூக்கலாம்னு போனா, கல்லுல சூலம்! எந்தப் பாவியோ சூலத்தைத் தலைகீழா நட்டு வச்சிருந்திருக்கான். எங்களுக்கெல்லாம் ஈரக்குலை நடுங்கிப் போச்சு. அதே குழியில சிமெண்டு போட்டு, சூலத்தை நிமித்தி, நாங்கதான் நட்டோம்."

பக்கிரிசாமியும் கன்னையாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டுறீங்களா?"

"மாட்டேன். கோலு நடுறேன்னு வந்தானே துரை, அவன் பூட்ஸைக் கழட்ட மாட்டேன்னான். கயித்துக்கு உள்ள விடவே இல்ல. அவன் ஆளு ஒருத்தன்தான் கால் கழுவிட்டு வந்து துணியைத் தூக்கி, அளவுகோலைப் பிடிச்சான். துரையையே உள்ள விடாதவ, உங்களுக்கு ஏன் காட்டணும்?"

குணபூசணி முன்னால் வந்தாள். "அக்கா, என்ர மனுசனைக் கள்ளனெண்டு பிடிக்கப் போகினம். இந்தக் கல்லைப் பாத்தால்தான் அவருக்கு விடிவு. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

பவுனம்மாள் கனகசபையை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்தக் கிராணி ஐயாவா? இத்தனை நாளா மூக்கைப் பொத்திக்கிட்டுத்தானே இந்தப் பக்கம் போவாரு."

கனகசபை சப்பாத்தைக் கழற்றினார். கயிற்றுக்குள் வந்து நின்றார். "நான் முந்தியே வந்திருக்க வேணும், அம்மா. வந்திருந்தால் அண்டைக்கே கண்டிருப்பன். பிழைதான்."

அவள் திரும்பித் துணியை விலக்கினாள்.

கல்லில் மூன்று கிளைகள் மேல்நோக்கி விரிந்து நின்றன. வெட்டுக்குள் சிவப்புச் சாயம். அடியில் பீடம்போல ஒரு கோடு. கன்னையா தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கனகசபை அலறினார். "கோடு மேலை இருக்க வேணும்! அம்பு மேலை பாத்துக் கோட்டைத் தொட வேணும்! கல்லுத் தலைகீழ்!"

கன்னையா கையை நீட்டிப் பார்த்தான். கோடு இப்போது இருக்கும் இடத்தில் முழங்கை, கல்லைத் திருப்பி நட்டால் கோடு இருக்கவேண்டிய இடத்தில் நடுவிரல். "அண்ணே, ஒரு முழம்! கடல்ல காணாமப் போன முழம் இங்க சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கு!"

"அப்ப... தப்பு எங்க மேலயா?" என்றாள் பவுனம்மாள். அவள் முகம் செத்துப் போயிற்று.

"ஆமாம், உங்க மேலதான்," என்றது ஒரு குரல்.

*

கயிற்றுக்கு வெளியே கிளேட்டன் துரை நின்றான். கையில் காகிதம். பின்னால் கொஞ்சம் தள்ளி, முக்காலியும் அளவுகோலுமாக அளவை ஆட்கள். அவனுக்குத் தமிழ் நன்றாக வரும், தோட்டத்தில் பழகிய தமிழ். மரியாதை மட்டும் வராது.

"எல்லாம் கேட்டேன். நல்லதாப் போச்சு. கிராணி, உன் பேரை அடிச்சிடறேன். கூலிங்க கல்லைத் திருப்பினாங்க, அதனால கப்பல் மோதிச்சு. இதுக்கு நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. வேலை உனக்கே. கோயிலை நாளைக்கு இடிச்சிடலாம்."

"கல்லைத் திருப்பினது நீங்க கோலு நடுறதுக்கு முன்னாடி, துரை! அதுலதான் உங்க ஆளு அளவுகோலைப் பிடிச்சான்!" என்று பவுனம்மாள் கத்தினாள்.

"பொய். நான் நட்டப்புறம்தான் திருப்பியிருக்கீங்க. நான் அளக்கும்போது அம்பு மேலே பாத்து, கோட்டைத் தொட்டு நின்னுச்சு. என் கண்ணால பாத்தேன். கூலி பேச்சா, எஞ்சினியர் பேச்சா, எதைக் கம்பெனி நம்பும்?"

குணபூசணி கணவனைப் பார்த்தாள். கன்னையா மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். வேலை இருக்கும், வீடு இருக்கும், போலீஸ் வராது. காலையில் அறிமுகமான கரிக்காரிக்காக எவன் இதை விடுவான்?

கனகசபை காகிதத்தை வாங்கினார். படித்தார். நாலாக மடித்துத் துரையின் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினார்.

"மாட்டன்."

"என்ன?"

"இந்தச் சனங்கள் சாமியெண்டு நினைச்சு நட்டவை. அளக்கிற வேலை இவையின்ரையோ? உங்கட. மற்றக் குறியையும் பாருங்கோ எண்டு நான் சொன்னபோது பாத்திருந்தால் அந்த நிமிசமே பிடிபட்டிருக்கும். போலீசைக் கூப்பிடுங்கோ. அவையிட்டயும் இதைத்தான் சொல்லுவன்!"

குணபூசணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படிச் சொல்லுங்கோ!" என்றாள்.

பக்கிரிசாமி அப்போதுதான் வாயைத் திறந்தார், ரொம்பச் சாதுவாக. "துரை, ஒரு சின்ன சந்தேகம். நீங்க கயித்துக்கு உள்ள வந்து அம்பைப் பாத்தீங்களா?"

"இந்தக் கிழவி பூட்ஸ் கழட்டச் சொன்னாள். நான் கழட்டுவேனா? அங்கிருந்து தூர்பீன்ல பாத்தேன்."

"தெளிவாத் தெரிஞ்சுதா?"

"சிவப்பா, பளிச்சுனு. உன் கண்ணை விடத் தெளிவா."

"அம்பு நிமிர்ந்து நின்னுச்சு?"

"எத்தனை தடவை சொல்றது? தூர்பீன்ல நிமிர்ந்து நின்னுச்சு!"

முதலில் கன்னையாவின் தொப்பைதான் குலுங்கியது. பிறகு தோள், பிறகு முழு ஆளும். வாயைப் பொத்திப் பார்த்தான், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னடா சிரிப்பு?" என்று துரை சீறினான்.

"இல்ல துரை... காலையில உங்க தூர்பீன்ல இந்த அக்காவைப் பாத்தேன். தலையால நடந்து போனாங்க!"

துரை சட்டைப் பையிலிருந்த காகிதத்தை இன்னும் உள்ளே அமுக்கினான். கழுத்திலிருந்து ஏறிய சிவப்பு காது வரைக்கும் போயிற்று.

"எல்லாத்தையும் தலைகீழாக் காட்டுற கண்ணாடி," என்றார் பக்கிரிசாமி. "சரியா நின்ன அம்பு அதுல கவுந்து தெரிஞ்சிருக்கணும். நிமிர்ந்து தெரிஞ்சுதுன்னா, அன்னைக்கே கல்லு கவுந்துதான் நின்னுச்சு. நீங்க தப்பான கல்லுலதான் அளந்தீங்கங்கிறதுக்கு நீங்களே சாட்சி. உங்க அளவை ஆட்கள் அங்க நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. மத்தியான ரயில்ல கப்பல்காரன் ஏஜெண்டு வரான், அவன் காதுலயும் போட்டுடறேன்."

துரை திரும்பிப் பார்த்தான். அளவை ஆட்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் தோள் மட்டும் குலுங்கியது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. ஆட்கள் முக்காலியையும் அளவுகோலையும் கீழே வைத்துவிட்டு, நல்ல பிள்ளைகளாகச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"வெளியில இன்னொரு கப்பல் நிக்குது," என்றார் கனகசபை. அவர் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "பிழையான கோலைப் பாத்து நான் பலகை எழுத மாட்டன். முதல்ல இந்தக் கல்லு, பிறகு கிடங்குச் சுவர்க் குறி. ரெண்டையும் இப்பவே அளக்க வேணும். அளந்து முடிக்குமட்டும் அந்தக் கப்பல் அங்கயே நிக்கட்டும்."

"பிடிக்க ஆள் இல்லையே," என்று துரை முனகினான்.

"நீங்க இருக்கிறியளே."

கன்னையா கீழே கிடந்த அளவுகோலை எடுத்துப் பவ்வியமாக நீட்டினான். துரை அதை வாங்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினான்.

"பூட்ஸ்!" என்றாள் பவுனம்மாள்.

துரை அவளைப் பார்த்தான், பக்கிரிசாமியைப் பார்த்தான், கடலில் நின்ற கப்பலைப் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்து, ஒன்றன்பின் ஒன்றாக பூட்ஸைக் கழற்றினான். இடது காலுறையில் ஓட்டை. அதன் வழியாகப் பெருவிரல் எட்டிப் பார்த்தது. பவுனம்மாள் கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

கனகசபை காலுறையைப் பார்க்கவில்லை. முக்காலியைத் தூக்கி வந்து நிறுத்தி, மட்டம் சரிபார்த்து, தூர்பீனில் கண்ணை வைத்தார்.

"ஆட்டாதேங்கோ, துரை," என்றார். "கோலை நேராப் பிடியுங்கோ."